ஏட்டில் ஒரு வரி: பங்கில் அருளடையாளங்களுக்குத் தயாராவது எப்படி

திருமுழுக்கு (ஞானஸ்நானம்), உறுதிப்பூசுதல், நற்கருணை, ஒப்புரவு (பாவசங்கீர்த்தனம்), நோயில்பூசுதல், குருத்துவம், திருமணம் என்று கத்தோலிக்கத் திருச்சபையில் அருளடையாளங்கள் ஏழு. மறைக்கல்வி வகுப்பில் இதைக் கடகடவென்று ஒப்பித்தவர்கள்கூட, பிள்ளைக்குத் திருமுழுக்கு என்றோ தங்கைக்குத் திருமணம் என்றோ வரும்போது பங்கு (ஒரு கோவிலைச் சேர்ந்த சபை) அலுவலக வாசலில் திகைத்து நிற்பது உண்டு. எப்போது போவது, என்ன தாளைக் கொண்டுபோவது, பங்கின் பொறுப்புக் குருவான பங்குத்தந்தை ஏன் இத்தனை கேள்வி கேட்கிறார் என்பதெல்லாம் பெரும்பாலும் யாரும் முன்கூட்டிச் சொல்லித் தராதவை. இங்கே சொல்வது இலத்தீன் வழிபாட்டு முறையில் உள்ள பங்குகளுக்கானது. கிழக்கத்திய கத்தோலிக்கத் திருச்சபைகளுக்குத் தனிச் சட்டத் தொகுப்பு இருக்கிறது. அங்கே கைக்குழந்தைக்கே திருமுழுக்கோடு உறுதிப்பூசுதலும் தருவார்கள்.

கண்ணால் காணவும் காதால் கேட்கவும் கூடிய ஓர் அடையாளத்தின் வழியாகக் கடவுள் தம் அருளைத் தருவதே அருளடையாளம். தண்ணீர், எண்ணெய், அப்பம், திராட்சை இரசம், கை வைத்தல், அதற்கென்று அமைந்த சொற்கள் இவையே அடையாளங்கள். கொடுக்கும் குரு எவ்வளவு நல்லவர் என்பதைப் பொறுத்து அருள் கூடுவதோ குறைவதோ இல்லை, ஏனென்றால் கொடுப்பவர் கிறிஸ்து. ஆனால் பெறுபவரின் உள்ளம் திறந்திருந்தால்தான் அது அவருக்குள் பலன் தரும். தயாரிப்பு என்று பங்கில் சொல்வதெல்லாம் இந்த இரண்டாவது பாதிக்காகத்தான். வகுப்பில் தேறி வாங்கும் பரிசாக இதை நினைக்கக் கூடாது. உழாத நிலத்திலும் மழை பெய்யும், ஆனால் தண்ணீர் உள்ளே இறங்காது.

இன்னொரு அடிப்படைச் செய்தி: திருமுழுக்கு, உறுதிப்பூசுதல், குருத்துவம் மூன்றையும் ஒருவர் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் பெற முடியும். அவை ஆன்மாவில் அழியாத முத்திரையைப் பதிக்கின்றன. அதனால் யார் எதைப் பெற்றார் என்பது திருச்சபைக்கு உறுதியாகத் தெரிய வேண்டும். 1563-இல் ஆயர்கள் கூடிய திரெந்துப் பொதுச்சங்கம் பங்குத்தந்தையர் திருமுழுக்குக்கும் திருமணத்துக்கும் பதிவேடு வைக்க வேண்டும் என்று ஆணையிட்டது. 1983-இல் வெளிவந்த திருச்சபைச் சட்டத் தொகுப்பும் அதையே தொடர்கிறது. பங்கு அலுவலகத்தில் நடக்கும் எல்லாவற்றையும் புரிந்துகொள்ள இந்தப் பதிவேடுதான் திறவுகோல்.

அந்த ஒரு வரி

நீங்கள் எந்தக் கோவிலில் திருமுழுக்குப் பெற்றீர்களோ, அந்தக் கோவில் ஏட்டில் உங்கள் பெயரில் ஒரு வரி இருக்கும். பெயர், பிறந்த நாள், பிறந்த இடம், பெற்றோர், ஞானப்பெற்றோர் (திருமுழுக்கில் பிள்ளைக்காக உடன் நிற்பவர்கள்), திருமுழுக்கு அளித்தவர், நாள், இடம் ஆகியவை அதில் இருக்கும். பக்கத்தில் குறிப்பெழுத இடம் விட்டிருப்பார்கள். பிற்பாடு நீங்கள் உறுதிப்பூசுதல் பெற்றாலும், திருமணம் செய்தாலும், குருப்பட்டம் பெற்றாலும், துறவறத்தில் இறுதி வார்த்தைப்பாடு கொடுத்தாலும், அது எங்கே நடந்தாலும், செய்தி இந்தக் கோவிலுக்கு வந்து அந்த வரியின் ஓரத்தில் ஏற வேண்டும். வீடு எத்தனை முறை மாறினாலும், பங்கு எத்தனை மாறினாலும், வரி மாறுவதில்லை.

திருமணத்துக்கு முன் 'புதிதாக எடுத்த திருமுழுக்குச் சான்றிதழ் வேண்டும், ஆறு மாதத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும்' என்று பல பங்குகளில் கேட்பது இதனால்தான். வீட்டுப் பெட்டியில் பத்திரமாக வைத்த பழைய சான்றிதழ் நீங்கள் திருமுழுக்குப் பெற்றதை மட்டும் சொல்லும். புதிய சான்றிதழோ ஓரக்குறிப்புகளோடு வரும். ஏற்கெனவே திருமணம் ஆனவரா என்பதும் அதில் தெரியும். அலுவலகம் சும்மா அலைக்கழிக்கிறது என்று மனம் புண்பட வேண்டாம்.

திருமுழுக்கு நடந்த அன்றே ஏட்டில் எழுதியதைக் கேட்டு வாங்கி ஒருமுறை படித்துப் பாருங்கள். தாயின் பெயரில் ஓர் எழுத்து மாறியிருக்கும். பிறந்த தேதி ஒரு நாள் தள்ளிப்போயிருக்கும். அரசுப் பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயரும் ஏட்டில் வேறொரு பெயரும் இருக்கும். அன்றைக்கு ஒரு நிமிடத்தில் திருத்திவிடலாம். இருபத்தைந்து ஆண்டு கழித்து, திருமணத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது கண்டுபிடித்தால் அது பெரும் பாடு. ஏடு தொலைந்துபோயிருந்தாலோ எரிந்துபோயிருந்தாலோ கலங்க வேண்டியதில்லை. யாருக்கும் பாதகம் இல்லாத நிலையில், நம்பத்தக்க ஒரு சாட்சியின் வாக்குமூலம் போதும். வயது வந்த பின் திருமுழுக்குப் பெற்றவரென்றால் அவருடைய சத்தியவாக்கே போதும்.

குழந்தைக்குத் திருமுழுக்கு

பிறந்து முதல் சில வாரங்களுக்குள் திருமுழுக்குக் கொடுக்கப் பெற்றோர் முயல வேண்டும் என்பது சட்டம். குழந்தை பிறப்பதற்கு முன்பே பங்குத்தந்தையைப் பார்க்கலாம் என்றும் அதே சட்டம் சொல்கிறது. அதுதான் வசதியும்கூட. பெற்றோர், ஞானப்பெற்றோர் ஆகியோருக்கான தயாரிப்பு வகுப்பைக் கைக்குழந்தையோடு தூக்கமின்றி அல்லாடும் நாட்களில் வைத்துக்கொள்வதைவிட, முன்னாலேயே முடித்துவிடுவது நல்லது.

பங்குத்தந்தை உறுதிசெய்துகொள்ள வேண்டியவை இரண்டு. தாய் தந்தையரில் ஒருவராவது சம்மதிக்க வேண்டும். குழந்தை கத்தோலிக்க நம்பிக்கையில் வளரும் என்ற நியாயமான எதிர்பார்ப்பு இருக்க வேண்டும். இரண்டாவது அறவே இல்லையென்றால் அவர் திருமுழுக்கைத் தள்ளிவைக்கலாம், ஆனால் காரணத்தைப் பெற்றோருக்கு விளக்க வேண்டும். தள்ளிவைத்ததை மறுப்பாக எடுத்துக்கொண்டு போகாமல் இருந்துவிடாதீர்கள். உரையாடலைத் தொடருங்கள். பெற்றோர் கோவிலில் மணமுடிக்காதவர்கள் என்பது மட்டுமே குழந்தைக்குத் திருமுழுக்கை மறுக்கக் காரணம் ஆகாது.

அதிகம் தவறு நடப்பது ஞானப்பெற்றோரைத் தேர்ந்தெடுப்பதில். ஒரு ஞானத்தந்தை, அல்லது ஒரு ஞானத்தாய், அல்லது இருவரும் என வைக்கலாம். இரண்டு ஆண்களோ இரண்டு பெண்களோ சேர்ந்து நிற்க முடியாது. பதினாறு வயது நிறைந்திருக்க வேண்டும். கத்தோலிக்கராக, உறுதிப்பூசுதலும் நற்கருணையும் பெற்றவராக, அந்த நம்பிக்கைக்கு ஏற்ப வாழ்பவராக இருக்க வேண்டும். குழந்தையின் சொந்தத் தாயோ தந்தையோ ஞானப்பெற்றோர் ஆக முடியாது. வேறு திருச்சபையில் திருமுழுக்குப் பெற்ற நண்பர், ஒரு கத்தோலிக்க ஞானப்பெற்றோர் உடன் இருந்தால், சாட்சியாக நிற்கலாம். 'வசதியான சொந்தக்காரர், பெரிய பரிசு தருவார்' என்று தேர்ந்தெடுத்து, அவர் உறுதிப்பூசுதல் பெறாதவர் என்று கடைசி வாரத்தில் தெரியவந்து மனத்தாங்கல் ஆவதைத் தவிர்க்கலாம். முதலில் தகுதியைக் கேளுங்கள், அப்புறம் அழையுங்கள். பிள்ளையின் நம்பிக்கை வாழ்வில் உண்மையாகவே அக்கறை எடுப்பவர் யார் என்பதுதான் கேள்வி.

சடங்கின் உயிர்நாடி மிகச் சிறியது. தண்ணீரை மும்முறை ஊற்றியோ மும்முறை அமிழ்த்தியோ, 'தந்தை, மகன், தூய ஆவியார் பெயரால் நான் உனக்குத் திருமுழுக்கு அளிக்கிறேன்' என்று சொல்வது. 'நான்' என்ற சொல்லை மாற்ற முடியாது. 'நாங்கள் அளிக்கிறோம்' என்று மாற்றிச் சொல்லிக் கொடுத்த திருமுழுக்கு செல்லாது என்று 2020-இல் உரோமை தெளிவாக்கியது. குழு உணர்வுக்காக நல்லெண்ணத்தோடு செய்த மாற்றம்தான் அது, ஆனாலும் அப்படிப் பெற்றவர்கள் மீண்டும் முறைப்படி பெற வேண்டியதாயிற்று.

குழந்தை உயிருக்குப் போராடும்போது குருவுக்காகக் காத்திருக்க வேண்டாம். திருச்சபை செய்வதையே தானும் செய்ய வேண்டும் என்ற எண்ணத்தோடு யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம். செவிலியர் கொடுக்கலாம், திருமுழுக்குப் பெறாதவரும் கொடுக்கலாம். சாதாரணத் தண்ணீர் போதும். தண்ணீர் தலையில் பட்டு ஓட வேண்டும். ஊற்றுபவரே சொற்களையும் சொல்ல வேண்டும், ஒருவர் ஊற்ற இன்னொருவர் சொல்வது கூடாது. பிறகு பங்குத்தந்தையிடம் தெரிவித்து ஏட்டில் பதியுங்கள். குழந்தை நலமானால் எண்ணெய் பூசுதல் போன்ற மீதிச் சடங்குகளைக் கோவிலில் நிறைவு செய்வார்கள், ஆனால் மறுபடி தண்ணீர் ஊற்ற மாட்டார்கள்.

வயது வந்தவர் வரும்போது

ஏழு வயது நிறைந்தவரைக் கைக்குழந்தையாகக் கருதுவதில்லை. அவரே விரும்ப வேண்டும், அவரே கற்க வேண்டும். பெரியவர்களுக்கு 1972-இல் புதுப்பித்த சடங்கு முறை படிப்படியானது. தேடல் காலம், அதன்பின் மாதக்கணக்கில் புகுமுக நிலை, தவக்காலத்தின் முதல் ஞாயிறில் தேர்ந்தெடுக்கும் சடங்கு, அதன் 3, 4, 5-ஆம் ஞாயிறுகளில் ஆய்வுச் சடங்குகள், கடைசியில் பாஸ்கா (உயிர்ப்புப் பெருவிழா) திருவிழிப்பு இரவு. அன்று ஒரே திருப்பலியில் (பூசையில்) திருமுழுக்கு, உறுதிப்பூசுதல், நற்கருணை மூன்றும் பெறுவார்கள். இவ்வளவு நாளா என்று தோன்றும். ஒரு வாழ்க்கையே திசை திரும்புகிறது, அவசரப்படுத்தாமல் இருப்பதே மரியாதை.

முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட வேண்டிய ஒன்று, முந்தைய திருமணம். விவாகரத்தாகி மறுமணம் செய்தவர் என்றால் அதை மறைமாவட்ட (ஓர் ஆயரின் பொறுப்பில் உள்ள பகுதி) நீதிமன்றம் பார்க்க நேரலாம், அதற்கு மாதங்கள் பிடிக்கும். பாஸ்காவுக்கு மூன்று வாரம் முன்பு இது வெளிவந்தால் வருத்தமே மிஞ்சும். வேறு திருச்சபையில் முறையாகத் திருமுழுக்குப் பெற்று வருபவருக்கு மீண்டும் திருமுழுக்கு இல்லை. நம்பிக்கை அறிக்கை செய்து, உறுதிப்பூசுதலும் நற்கருணையும் பெறுவார்.

ஒப்புரவு, பிறகு புதுநன்மை

பிள்ளைகளுக்கு முதல் நற்கருணை சுமார் ஏழு வயதில் கொடுக்கலாம் என்று 1910-இல் திருத்தந்தை பத்தாம் பத்திநாதர் திறந்துவிட்டார். அதற்கு முன் பல இடங்களில் பத்து, பன்னிரண்டு வயது வரை காத்திருக்க வைத்தார்கள். சட்டம் பிள்ளையிடம் எதிர்பார்ப்பது, தன் அளவுக்குக் கிறிஸ்துவின் மறைபொருளைப் புரிந்துகொண்டு ஆண்டவரின் உடலை நம்பிக்கையோடும் பக்தியோடும் பெறுவது. சாகும் தறுவாயில் உள்ள பிள்ளைக்கு, சாதாரண உணவிலிருந்து இதை வேறுபடுத்தத் தெரிந்தால் போதும். எல்லாச் செபங்களையும் பிழையில்லாமல் ஒப்பிக்க வேண்டும் என்று பிள்ளையை அழவைப்பது தேவையற்றது. வெள்ளைச் சட்டைக்கும் விருந்துக்கும் செலவிடும் கவனத்தில் பாதியை, ஞாயிறுதோறும் பிள்ளையோடு திருப்பலிக்குப் போவதில் காட்டினால் தயாரிப்பு தானாக நடக்கும்.

புதுநன்மைக்கு, அதாவது முதல் நற்கருணைக்கு, முன் முதல் பாவசங்கீர்த்தனம். பழைய ஞானோபதேசம் சொன்ன ஐந்து படிகள் இன்றும் பொருந்தும்: பாவங்களை நினைத்துப் பார்ப்பது, மனஸ்தாபப்படுவது, இனிச் செய்வதில்லை என்று தீர்மானிப்பது, குருவிடம் சொல்வது, அவர் தரும் தவமுயற்சியை நிறைவேற்றுவது. நடைமுறையில், சிலுவை அடையாளம் போட்டு, கடைசியாக எப்போது பாவசங்கீர்த்தனம் செய்தீர்கள் என்று சொல்லித் தொடங்குங்கள். சாவான பாவங்களை (கனமான பாவங்களை) வகையும் எண்ணிக்கையும் சொல்லி அறிக்கையிட வேண்டும். எண்ணிக்கை சரியாக நினைவில்லையென்றால் 'மாதம் இரண்டு மூன்று முறை' என்பது போதும். கதையாகச் சொல்ல வேண்டாம், மற்றவர்களின் பெயர் வேண்டாம், மாமியாரின் குற்றங்களும் வேண்டாம். பல ஆண்டுகளாக வராதவர், 'சாமி, எனக்கு முறையே மறந்துவிட்டது' என்று சொன்னால் போதும். அவர் கைப்பிடித்து நடத்துவார். மறந்து விட்டுப்போன பாவமும் மன்னிக்கப்படுகிறது. பின்னால் நினைவு வந்தால் அடுத்த முறை சொல்ல வேண்டும், அவ்வளவுதான். வேண்டுமென்றே மறைப்பதுதான் அருளடையாளத்தைக் கெடுக்கும்.

பலரைத் தடுத்து நிறுத்துவது வெட்கமும், வெளியே தெரிந்துவிடுமோ என்ற பயமும்தான். கேட்டதைக் குரு எந்தக் காரணத்துக்காகவும், சொல்லாலோ சைகையாலோ வெளிப்படுத்தக் கூடாது. நேரடியாக மீறினால் அந்தக் கணமே திருச்சபை விலக்குக்கு உள்ளாவார். மொழி தெரியாத ஊரில் மொழிபெயர்ப்பாளர் வைத்துச் சொன்னால், அவரும் இரகசியம் காக்கக் கடமைப்பட்டவர். தொலைபேசியில் பாவசங்கீர்த்தனம் செல்லாது.

நற்கருணை நோன்பு ஒரு மணி நேரம். திருப்பலி தொடங்கும் நேரத்திலிருந்து இதை எண்ணக் கூடாது, நற்கருணை வாங்கும் நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். தண்ணீரும் மருந்தும் நோன்பை முறிக்காது, காப்பியும் மிட்டாயும் முறிக்கும். முதியோருக்கும் நோயாளிகளுக்கும் அவர்களைக் கவனிப்போருக்கும் விலக்கு உண்டு. ஒரே நாளில் இரண்டாம் முறை நற்கருணை வாங்கலாம், ஆனால் அது நீங்கள் முழுமையாகப் பங்குகொள்ளும் திருப்பலிக்குள் இருக்க வேண்டும். கையில் வாங்குபவர் 'ஆமென்' சொல்லி, ஒரு கையின் மேல் மறுகை வைத்துப் பெற்று, நகர்வதற்கு முன் அங்கேயே உட்கொள்ள வேண்டும். கோதுமைப் புரதம் ஒத்துக்கொள்ளாதவர்கள் முன்கூட்டியே பங்குத்தந்தையிடம் சொல்லலாம். அந்தப் புரதம் மிகக் குறைவாக உள்ள அப்பம் செல்லும், அறவே இல்லாதது செல்லாது. அதையும் தாங்காதவர் இரசத்தின் வடிவில் மட்டும் பெறலாம், அதிலும் கிறிஸ்து முழுமையாகவே இருக்கிறார்.

உறுதிப்பூசுதலுக்கு ஆயர் வரும் நாள் ஆண்டுக்கு ஒன்றோ, சில ஆண்டுகளுக்கு ஒன்றோ இருக்கும், வயதை நாட்டின் ஆயர் பேரவை குறிக்கலாம். வகுப்பை விட்டுவிட்டால் அடுத்த முறைக்குக் காத்திருக்க வேண்டும். ஞானப்பெற்றோரின் தகுதி திருமுழுக்குக்கு உள்ளதேதான், அதே ஆள் நிற்பது இன்னும் சிறப்பு. இதைப் பெறாமல் விட்டவர்கள் அதை நினைவுகூர்வது பெரும்பாலும் திருமணத்துக்கு முன்புதான். பெரிய இடைஞ்சல் இல்லையென்றால் திருமணத்துக்கு முன் உறுதிப்பூசுதல் பெற வேண்டும் என்கிறது சட்டம்.

திருமணம்

மண்டபத்துக்கு முன்பணம் கட்டிவிட்டுப் பங்குத்தந்தையைப் பார்க்கப் போவது, பொதுவாக நடக்கும் முதல் தவறு. வரிசையை மாற்றுங்கள். பல மறைமாவட்டங்கள் மூன்று முதல் ஆறு மாதம் முன்பே வரச் சொல்கின்றன. அந்தக் காலத்தில் திருமணத் தயாரிப்பு வகுப்பு, மணமக்களைத் தனித்தனியாக விசாரிக்கும் படிவம், தேவையானால் விதிவிலக்கு, ஓலை வாசிப்பது எல்லாம் நடக்க வேண்டும். ஓலை என்பது திருமண அறிவிப்பு. தடை ஏதேனும் தெரிந்தவர் சொல்லட்டும் என்றுதான் அதை மக்கள் முன் வாசிக்கிறார்கள். துணையை இழந்தவர் இறப்புச் சான்று கொண்டுவர வேண்டும்.

திருமணத்தை உண்டாக்குவது மணமக்களின் சம்மதம். குரு அதைத் திருச்சபையின் பெயரால் கேட்டுப் பெறுகிறார். அந்தச் சம்மதம் சுதந்திரமானதா, முழுமையானதா என்று அறியத்தான் தனித்தனி விசாரணை. பெற்றோரின் வற்புறுத்தல் இருந்தால் அங்கே தயங்காமல் சொல்லுங்கள். அந்த அறையில் கேட்கும் கேள்விகளிலேயே அதுதான் முக்கியமானது.

திருமுழுக்குப் பெறாதவரை மணப்பதென்றால் விதிவிலக்கு இல்லாமல் திருமணம் செல்லாது. திருமுழுக்குப் பெற்ற வேறு சபையாரை மணக்க அனுமதி வேண்டும். இரண்டிலும் வாக்குறுதி கொடுப்பவர் கத்தோலிக்கர் மட்டுமே. தன் நம்பிக்கையைக் காத்துக்கொள்வதாகவும், பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்க்கத் தன்னால் இயன்றதைச் செய்வதாகவும் அவர் உறுதி கூறுவார். மற்றவர் மதம் மாற வேண்டியதில்லை, அந்த வாக்குறுதியைப் பற்றி அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இரத்த உறவில் நான்காம் படி வரை தடை உண்டு. எண்ணும் முறை எளிது: உங்களிலிருந்து பொது மூதாதை வரை ஏறி மறுபக்கம் இறங்கி, மூதாதையை விட்டுவிட்டு ஆட்களை எண்ணுங்கள். நீங்கள், உங்கள் அம்மா, மாமா, மாமா மகள் என்று நான்கு. அதனால் அத்தை, மாமன் பிள்ளைகளை மணக்க ஆயரின் விதிவிலக்கு வேண்டும். விண்ணப்பம் போய் வர நாளாகும்.

சித்தப்பா குருவாக இருக்கிறார், அவரே மந்திரிக்கட்டும் (மணத்தை நிறைவேற்றட்டும்) என்று பல குடும்பங்கள் ஆசைப்படுகின்றன. நல்ல ஆசை. ஆனால் தன் பங்குக்கு வெளியே மணம் நிறைவேற்ற, அந்த இடத்துப் பங்குத்தந்தையோ ஆயரோ அவருக்கு வெளிப்படையாக அதிகாரம் தர வேண்டும். அது இல்லாவிட்டால் திருமணமே செல்லாமல் போகலாம். எழுத்தில் வாங்கி வையுங்கள். இரண்டு சாட்சிகளும் அந்த நேரத்தில் உடனிருக்க வேண்டும். பதிவு அலுவலகத்தில் மட்டும் மணமுடித்த கத்தோலிக்கர்கள் திருச்சபையின் கண்ணில் இன்னும் மணமாகாதவர்களே. அதைச் சரிசெய்ய வழி இருக்கிறது, பெரும்பாலும் எளிய சடங்கோடு முடியும், பங்குத்தந்தையிடம் போய்ப் பேசத்தான் வேண்டும்.

காணிக்கை பற்றிய தயக்கத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். மறைமாநிலத்தின் (பல மறைமாவட்டங்கள் சேர்ந்தது) ஆயர்கள் குறித்த காணிக்கைக்கு மேல் கேட்கக் கூடாது. இல்லாதவர் வறுமையால் எந்த அருளடையாளத்தையும் இழந்துவிடாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டும் சட்டத்திலேயே எழுதியிருப்பவை. கையில் பணம் இல்லையென்றால் தலைகுனியாமல் சொல்லுங்கள்.

குருத்துவம் குருமடத்தில் பல ஆண்டுப் பயிற்சிக்குப் பின் ஆயர் தருவது. விருப்பம் உள்ளவர் பங்குத்தந்தையிடம் சொன்னால் போதும், அவர் இறையழைத்தல் பொறுப்பாளரிடம் அனுப்புவார்.

நோயில்பூசுதல்

இதை 'அவஸ்தைப்பூசுதல்' (சாகும் தறுவாயில் பூசுவது) என்று அழைத்த காலத்தின் அச்சம் இன்னும் போகவில்லை. சாமியாரைக் கூப்பிட்டால் நோயாளி பயந்துவிடுவார், நாமே நம்பிக்கை இழந்ததாகிவிடும் என்று தள்ளிப்போட்டு, நினைவு தப்பிய பிறகு அழைக்கிறார்கள். அப்போது அவரால் பாவசங்கீர்த்தனம் செய்ய முடியாது, நற்கருணை விழுங்க முடியாது, செபத்தில் ஒரு வார்த்தை சேர்ந்து சொல்ல முடியாது. மூன்று பெரிய ஆறுதல்கள் கைநழுவிப் போகின்றன. நோயாலோ முதுமையாலோ உயிருக்கு ஆபத்து தொடங்கியதுமே இதைப் பெறலாம். பெரிய அறுவை சிகிச்சைக்கு முந்தின நாள் மிகப் பொருத்தமான நேரம். குணமாகி மீண்டும் விழுந்தாலோ, அதே நோய் முற்றினாலோ திரும்பவும் பெறலாம்.

குருவும் ஆயரும் மட்டுமே இதைத் தர முடியும், குருவுக்குக் கீழ்ப்படியில் உள்ள திருத்தொண்டர் தர முடியாது. வீட்டில் ஒரு சிறு மேசை, அதில் வெள்ளைத் துணி, பாடுபட்ட சுரூபம் (இயேசு தொங்கும் சிலுவை), மெழுகுதிரி, ஒரு குவளைத் தண்ணீர் போதும். நெற்றியிலும் கைகளிலும் எண்ணெய் பூசுவார் என்பதால் கைகளைப் போர்வைக்கு வெளியே எடுத்து வையுங்கள். அழைக்கும்போது நோயாளியின் பெயர், இடம், மருத்துவமனை என்றால் மாடியும் படுக்கை எண்ணும், நினைவோடு இருக்கிறாரா, விழுங்க முடியுமா என்பதைச் சொல்லுங்கள். விழுங்க முடியுமென்றால் குரு வழியுணவாக (சாகும் தறுவாயில் பெறுவது) நற்கருணையும் கொண்டுவருவார். அன்று காலையில் ஏற்கெனவே நற்கருணை வாங்கியிருந்தாலும் அதைப் பெறலாம்.

இரவு இரண்டு மணி என்றாலும் அழையுங்கள். மூச்சு நின்றுவிட்டதா இல்லையா என்று ஐயமாக இருந்தாலும் அழையுங்கள். ஐயம் இருக்கும்வரை பூசலாம் என்பதே சட்டம். இறந்தது உறுதி என்றால் எண்ணெய் பூச மாட்டார், ஆனால் வந்து இறந்தவருக்காகச் செபிப்பார்.